அகதாவுக்கு என்ன ஆயிற்று?

ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஒரு முறை நிச்சயதார்த்தம் ஆனது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. காலேஜில் ஒரு தடவை, வேலைக்கு வந்தபின் ஒரு தடவை என்று முழுத் தொகுப்பையும் இரண்டு முறை படித்தவன் நான். இருந்தும் போன மாதம் மூன்றாவது முறை படிக்கும்போதுதான் அந்தப் பெண் கண்ணில் பட்டாள்.

கதை 1904-ல் வெளிவந்தது. மில்வர்ட்டன் என்று ஒருவன். பெரிய இடத்துப் பெண்கள் எப்போதோ எழுதிய கடிதங்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, அவர்களுக்குக் கல்யாணம் நெருங்கும்போது மிரட்டிப் பணம் பறிப்பதுதான் அவன் தொழில். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்காக ஹோம்ஸ் களத்தில் இறங்குகிறார். மில்வர்ட்டன் வீட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். அதற்காகக் குழாய் ரிப்பேர் செய்பவராக வேஷம் போட்டு, அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு பேசிப் பழகுகிறார். சில நாட்களில் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாக ஒப்பந்தமே ஆகிவிடுகிறது. அவள் பெயர் அகதா.

விஷயம் தெரிந்ததும் வாட்சன் அதிர்ந்துபோய், அந்தப் பொண்ணு கதி என்ன என்று கேட்கிறார். ஹோம்ஸ் தோளைக் குலுக்குகிறார். வேறு வழியில்லை என்கிறார். அவளுக்கு இன்னொரு ஆளும் இருக்கிறான், நான் நகர்ந்ததும் அவன் வந்துவிடுவான் என்கிறார். அவ்வளவுதான். அடுத்த பத்தியில் பேச்சு திருட்டுக்கான திட்டத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு சீமாட்டியின் நிச்சயித்த கல்யாணம் நிற்காமல் இருக்க, ஒரு வேலைக்காரியின் நிச்சயதார்த்தத்தைப் பொய்யாக நடத்துகிறார் நம் ஹீரோ. ராத்திரி அவர் வந்து போக வசதியாக, காவல் நாயைக் கட்டி வைப்பதும் அவள்தான். அன்று இரவு மில்வர்ட்டன் அவன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான், சுட்டது வேறொரு ஆள். மறுநாள் போலீஸ் வந்து, நாயை யார் கட்டி வைத்தது என்று கேட்டிருந்தால் அகதா என்ன சொல்லியிருப்பாள்? கதையில் ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பதிவு அகதாவைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு முறை படித்தும் அவளை நான் கவனிக்காமல் விட்டது பற்றியது.

நமக்குப் பிடித்த அந்த ஆள்

கதைகளில் இப்படி ஒரு வகை மனிதர் உண்டு. அவரை "அடங்காத மேதை" என்று வைத்துக்கொள்வோம். வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் யாரையும் மதிக்க மாட்டார், விதிகளை மிதிப்பார், கூட இருப்பவர்களை அவமானப்படுத்துவார். இருந்தாலும் கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். நாமும்தான்.

ஹோம்ஸ் 1887-ல் முதல் நாவலோடு வந்தார். அவருடைய நேர் வாரிசு 2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த டாக்டர் ஹவுஸ். தொடரை உருவாக்கிய டேவிட் ஷோர் இந்த உறவை மறைக்கவே இல்லை. ஹோம்ஸுக்கு வாட்சன், ஹவுஸுக்கு வில்சன். ஹோம்ஸுக்குக் கொக்கெயின், ஹவுஸுக்கு வைக்கோடின் என்ற வலி மாத்திரை. ஹவுஸ் குடியிருக்கும் வீட்டின் எண்கூட 221பி. எட்டு சீசன், 177 எபிசோடு. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். சிலவற்றை ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

ஏன் பிடிக்கிறது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. மீட்டிங்கில் மேனேஜர் அபத்தமாக ஏதாவது சொல்லும்போது, "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் நாம். நம்மால் சொல்ல முடியாததை ஹவுஸ் சொல்கிறார், அதுவும் வேலை போகாமல். அந்தச் சந்தோஷம் நியாயமானதுதான். ஆனால் அவருக்கு ஏன் வேலை போகவில்லை என்று கேட்டுப் பார்த்தால், கதாசிரியர் பின்னால் நின்று நான்கு ஏற்பாடுகள் செய்து வைத்திருப்பது தெரிகிறது.

நான்கு ஏற்பாடுகள்

முதலாவது, பிரச்சினை அவர் அளவுக்கே தைக்கப்பட்டிருக்கும். ஹவுஸிடம் சாதாரணக் காய்ச்சல் வராது. மற்ற டாக்டர்கள் கைவிட்ட கேஸ்தான் வரும். ஹோம்ஸிடமும் அப்படித்தான், ஸ்காட்லாந்து யார்டு திணறிய பிறகுதான் படியேறி வருவார்கள். அதனால் "இவர் இல்லையென்றால் ஆள் செத்தான்" என்ற நிலைமை ஒவ்வொரு கதையிலும் உண்மையாகவே இருக்கும். நிஜத்தில் ஒரு மேதையின் வேலையில் பெரும்பகுதி, அடுத்தவரும் கொஞ்சம் நேரம் எடுத்துச் செய்யக்கூடியதுதான்.

இரண்டாவது, அவர் சரி என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். ஹவுஸ் எபிசோடு எதையாவது எடுத்து எண்ணிப் பாருங்கள். அவருடைய முதல் ஊகம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். இரண்டாவதும் தப்பு. அந்தத் தப்பான சிகிச்சையால் நோயாளி சாவின் விளிம்புக்கே போய்விடுவார். பிறகு ஏதோ ஒரு சம்பந்தமில்லாத பேச்சின் நடுவில் பொறி தட்டும், நோயாளி பிழைப்பார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால், நம் நினைவில் நிற்பது கடைசி ஊகம் மட்டும்தான்.

மூன்றாவது, அவர் மீறுகிற விதி எப்போதும் முட்டாள்தனமான விதியாக இருக்கும், அதைக் காப்பாற்ற நிற்கிறவர் மந்தமானவராக இருப்பார். இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் பாவம், அதற்காகவே பிறந்தவர். அந்த விதி ஏன் வந்தது, யார் செத்த பிறகு எழுதப்பட்டது என்ற கேள்விக்கே கதையில் இடம் இருக்காது.

நான்காவதுதான் முக்கியம். அவர் கொடுக்கும் வலியை வாங்கிக்கொள்ள ஒரு நண்பர் இருப்பார். ஹோம்ஸ் மூன்று வருஷம் தான் செத்துவிட்டதாகவே வாட்சனை நம்ப வைக்கிறார். இன்னொரு கதையில் சாகக் கிடப்பதுபோல நடித்து, பதறி ஓடிவந்த வாட்சனின் டாக்டர் படிப்பையே மட்டம் தட்டுகிறார். வாட்சன் மன்னிக்கிறார். ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60, அதாவது 4 நாவல், 56 சிறுகதை. அதில் நான்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நமக்குச் சொல்வது இந்த வாட்சன்தான். அடி வாங்கியவரே புன்னகையோடு கதை சொல்லும்போது, கேட்கிற நமக்கு என்ன புகார் இருக்க முடியும்?

கதை சொல்லும் வாய்ப்பு அகதாவுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அவள் என் ஞாபகத்தில் இல்லை.

ஹவுஸிலும் இதே கணக்கு. முதல் சீசனிலேயே மருத்துவமனைத் தலைவி லிசா அவரிடம் ஒன்று சொல்வார்: உங்களை வேலைக்கு எடுத்தபோதே, நீங்கள் இழுத்துவிடப்போகும் வழக்குகளுக்காக 50,000 டாலர் ஒதுக்கி வைத்தேன் என்று. அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால் அது ரொம்ப நேர்மையான வசனம். அவருடைய நடத்தைக்கு ஒரு விலை உண்டு, அதை யாரோ கட்டுகிறார்கள் என்று கதை ஒப்புக்கொள்கிற இடம் அது. ஏழாவது சீசன் முடிவில் அதே லிசாவின் வீட்டுக்குள் ஹவுஸ் காரை ஓட்டி மோதுகிறார். நடிகை தொடரிலிருந்து விலகிவிட்டதால் எட்டாவது சீசனில் லிசா கிடையாது. ஹவுஸோ ஜெயிலுக்குப் போய்விட்டு, ஒரு நோயாளிக்கு அவர் மூளை தேவைப்படுகிறது என்பதால் பரோலில் அதே மருத்துவமனைக்குத் திரும்புகிறார். சுவர் இடிந்தவர் கதையில் இல்லை, இடித்தவர் டூட்டியில் இருக்கிறார்.

நான் எழுதிய அப்ரைசல்

இப்போது என் கதை. பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்த கம்பெனியும் ஆட்களும் யாரென்று இங்கே முக்கியமில்லை.

என் டீமில் ஒரு சீனியர் இருந்தார். நிஜமாகவே கெட்டிக்காரர். மற்றவர்கள் ஒரு வாரம் உருட்டிக்கொண்டிருக்கும் பக்கை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்துவிடுவார். ஆனால் கோட் ரிவ்யூவில் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் சுருண்டுவிடுவார். "இதை எழுதும்போது தூங்கிட்டு இருந்தீங்களா" என்பது அவருடைய லேசான வாக்கியம். எல்லார் முன்னாலும் சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த ஒரு பெண்ணுக்கு அது அடிக்கடி விழுந்தது. ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னாள். நான் டீம் லீட். நான் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "அவர் அப்படித்தாம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார். டாக்டர் ஹவுஸ் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை என்றாள். பார்க்கச் சொன்னேன்.

அடுத்த சில மாதங்களில் அவள் கேள்வி கேட்பது குறைந்தது. "பரவாயில்லை, முதிர்ச்சி வந்துவிட்டது" என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ரிலீஸ். பணப் பரிவர்த்தனைகளைத் தினமும் கூட்டிக் கணக்குப் போடும் ஒரு வேலை அதில் இருந்தது. கோடின் ஒரு இடத்தில் இந்திய நேரப்படி தேதி பிரித்திருந்தார்கள், இன்னொரு இடத்தில் உலக நேரப்படி. இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். நள்ளிரவு 12-லிருந்து காலை 5:30 வரை நடந்தவை உலக நேரப்படி முந்தைய தேதியிலும், இந்திய நேரப்படி மறு தேதியிலும் விழுந்து, இரண்டு முறை எண்ணப்பட்டன. மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. ராத்திரி முழுக்க எல்லாரும் அலுவலகத்தில். சீனியரைக் கூப்பிட்டோம். வந்தார், இரண்டு பேரைத் திட்டினார், நாற்பது நிமிஷத்தில் தப்பைக் கண்டுபிடித்தார். கை தட்டினோம். அந்த நாற்பது நிமிஷத்தை அந்த வருஷ அப்ரைசலில் நானே எழுதினேன். அவருடைய "கம்யூனிகேஷன் ஸ்டைல்" பற்றி ஒரு வரி இருந்தது, அதை நீக்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் ராஜினாமா கொடுத்தாள். கடைசி நாள் காபி குடிக்கும்போது தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். ரிலீஸுக்கு முன்பே அந்த நேர வித்தியாசம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. ரிவ்யூவில் ஒரு கமென்டாக டைப் செய்திருக்கிறாள். அனுப்பும் முன், தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் எல்லார் முன்னாலும் என்ன கேட்க வேண்டிவரும் என்று யோசித்திருக்கிறாள். அழித்துவிட்டாள்.

நாங்கள் கை தட்டிய அந்தத் தீயணைப்புக்குப் பின்னால் இருந்தது இதுதான். தப்பைக் கண்டுபிடிக்கும் திறமை அந்த அறையில் ஏற்கனவே இருந்தது, ஒரு மாதம் முன்னாலேயே. அதன் வாயை மூடியது அவருடைய நாக்கு. அந்த நாக்குக்கு லைசென்ஸ் கொடுத்தது நான்.

நான்கு ஏற்பாடுகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். பிரச்சினை அவரால் மட்டுமே தீரக்கூடியது இல்லை. அவர் சரி என்ற தீர்ப்பில் பாதிதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மீறியது முட்டாள்தனமான விதி இல்லை, சாதாரண மரியாதை. வலியை வாங்கியவர் வாட்சன் மாதிரி விரும்பி உடன் இருந்த நண்பரும் இல்லை.

கேள்வி நின்றுபோகும் இடம்

இதை ரொம்பப் பெரிய விலை கொடுத்துக் கற்ற துறை ஒன்று உண்டு: விமானம். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனியில் ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. கேஎல்எம் விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சியாளர்களில் ஒருவர், விளம்பரத்தில் முகம் வந்தவர். விமானம் ஓடத் தொடங்கியபோது, எதிரே இருக்கும் பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பின் இருக்கையில் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்கிறார். இன்ஜினியர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அந்த கேப்டன் முரடர் என்று நான் சொல்லவில்லை. விபத்துக்கு ரேடியோ குழப்பம், பனி, நெரிசல் என்று பல காரணங்கள். கவனிக்க வேண்டியது வேறு: ஒருவருடைய திறமையின் உயரமே கீழே இருப்பவரின் இரண்டாவது கேள்வியை நிறுத்தப் போதும். அதன்மேல் அவமானப்படுத்தும் வழக்கமும் சேர்ந்தால் முதல் கேள்வியே வராது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு 1979-ல் நாசா ஒரு பட்டறை நடத்தியது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகளுக்குப் புதுப் பயிற்சி தொடங்கியது. கீழே இருப்பவர் தயங்காமல் சொல்வது, மேலே இருப்பவர் காது கொடுத்துக் கேட்பது, இரண்டையுமே ஒரு தொழில்திறமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இது நடந்து ஐந்து வருஷம் கழித்து, 1986-ல், மேவரிக் என்ற அடங்காத விமானியை ஹீரோவாக வைத்து 'டாப் கன்' வந்து சக்கைப்போடு போட்டது என்பது தனி வேடிக்கை.

எங்கள் துறையிலும் இது நடந்தது. 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பல வருஷம் மடல்களில் தான் மற்றவர்களைத் தாக்கி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கி இருந்துவிட்டு வந்தார். லினக்ஸ் நின்றுவிடவில்லை. அவருடைய திறமையும் குறையவில்லை.

இரண்டை ஒன்றாகக் கட்டிய பொட்டலம்

"அப்ப எல்லாரும் தலையாட்டி பொம்மையா இருக்கணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் கதையே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சாமுவேல் மேவரிக் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸில் இருந்தவர். மற்றவர்கள் தங்கள் மாடுகளுக்கு அடையாளச் சூடு போட்டபோது இவருடைய மாடுகளுக்குச் சூடு போடாமல் விட்டிருந்தார்கள். சூடு இல்லாத மாட்டுக்கு "மேவரிக்" என்று பெயர் வந்தது. அதாவது, இன்னொருவரின் முத்திரை உடம்பில் இல்லாதது. உதைக்கிற மாடு என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

கறக்கிற மாடு உதைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். கதாசிரியர்கள் செய்ததும் அதுதான். மேலே இருப்பவரிடம் "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்லும் துணிச்சல் ஒன்று. கீழே இருப்பவரை மிதிக்கும் பழக்கம் இன்னொன்று. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒன்று வேண்டுமென்றால் மற்றதும் வேண்டும் என்று விற்றார்கள். நாமும் வாங்கினோம்.

பிரித்து விற்றவர்களும் உண்டு. கொலம்போ தொடர் பார்த்திருப்பீர்கள். பீட்டர் ஃபாக், கசங்கிய மழைக்கோட்டு, பழைய கார். மூளை ஹோம்ஸுக்குக் குறைந்ததில்லை. அவரும் தொல்லை பிடித்த ஆள்தான், ஆனால் யாருக்குத் தொல்லை? பணமும் செல்வாக்கும் உள்ள கொலையாளிக்கு. வேலைக்காரர்களிடமும் சமையல்காரர்களிடமும் பவ்யமாக நின்று பேசுவார். அதைவிட, அந்தத் தொடரில் கொலை செய்பவர்கள் யார் என்று பாருங்கள். 1972-ல் ஒரு புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர். 1973-ல் ஒரு பிரமாதமான அறுவை சிகிச்சை நிபுணர், அதே வருஷம் ஒரு செஸ் சாம்பியன். எல்லாரும் மேதைகள், எல்லாரும் தங்களுக்கு விதி கிடையாது என்று நினைத்தவர்கள். ஹவுஸையே அகதா பக்கம் நின்று பார்த்தால் கொலம்போ எபிசோடு மாதிரிதான் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது.

கோனன் டாயிலுக்கும் இது தெரியாமல் இல்லை. 1893-ல் வந்த ஒரு கதையில் ஹோம்ஸ் போடும் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். நார்பரி என்ற ஊரில் நடக்கும் கதை. திரும்பி வந்ததும் அவர் வாட்சனிடம் ஒரு உதவி கேட்கிறார்: இனிமேல் எனக்குத் தலைக்கனம் ஏறுகிற மாதிரி தெரிந்தால், என் காதில் "நார்பரி" என்று மெல்லச் சொல்லிவிடு. ஹோம்ஸ் எனக்கு இன்னும் பிடித்தவராக இருப்பதற்கு அந்த ஒரு இடம் போதும். ஆனால் அதை எத்தனை பேரால் அவர் காதில் சொல்ல முடியும்? வாட்சனால் முடியும். அகதாவால் முடியாது.

இதை எழுதுவதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். பெயர் இல்லாமல் எழுதலாமா என்று கேட்டு, அன்றைக்கு நான் நடந்துகொண்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். இப்போது வேறொரு ஊரில் அவளே ஒரு டீமை நடத்துகிறாள். தாராளமாக எழுதுங்க சார் என்றாள். கூடவே ஒரு வரி: "அந்தக் கமென்ட்டை நான் அழிச்சிருக்கக் கூடாது சார்."

இத்தனை வருஷம் கழித்தும் தப்பு தன்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். "இல்லம்மா, அதை அழிக்க வச்சது நான்" என்று பதில் போட்டேன்.